ஒன்பதாம் சட்டத்துக்கு ஒரு சொல்

என் மகள் வேலாயி செத்து ஒன்பது மாதம் கழித்துத்தான், அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரியை நான் வாசித்தேன். அது தோட்டத்து ஆபீஸ் அலமாரியில், கறுப்பு அட்டை போட்ட சட்டப் புத்தகத்தில், இங்கிலீஷில் இருந்தது. நான் அந்த ஆபீசில் தபால் பை தூக்குகிறவன். அந்த அலமாரியைத் தினமும் தூசு தட்டியவனும் நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே. முப்பத்தாறாம் வருஷம் அங்கே புதுத் துரை ஒருவர் வந்தார். தோட்டத்துச் சட்டங்களைத் தமிழில் பலகையில் எழுதிப் பெரட்டுக் களத்தில் நட வேண்டும் என்றார். விடிந்ததும் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. நான் அட்டன் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தவன் என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

அதுவரை எங்களுக்குச் சட்டம் சொன்னவர் இராமையா, எங்களை வேலை வாங்குகிற தலைக் கங்காணி. பழைய துரை புத்தகத்தை விரித்து இங்கிலீஷில் வாசிப்பார். பக்கத்தில் நின்று கங்காணி தமிழில் சொல்வார். நாங்கள் எல்லாரும் "சரிங்க தொர" என்போம். கங்காணிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. துரை எதை வாசித்தாலும் அவர் வாயில் ஒரே பேச்சுத்தான் வரும்: "கூலியாளுக அடங்கி நடக்கணும்." இருபது வருஷம் அவர் இப்படியே ஓட்டினார். துரைமாருக்கும் அது போதுமாயிருந்தது.

வேலாயி செத்தது பழைய துரை காலத்தில். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. அன்று காலையிலேயே உடம்பு கொதித்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் அவளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன என் பெண்டாட்டி மீனம்மாவைத் தேடி, பத்து மணிக்கு ஆள் வந்தது. அவள் கூடையோடு கங்காணியிடம் ஓடினாள்.

"புள்ளைக்கு மூச்சு இழுக்குதாங்கய்யா. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டு வந்துர்றேங்கய்யா."

"வேலைக்குப் பேர் போட்டாச்சுன்னா மலைய விட்டு எறங்கக் கூடாது. சட்டம்னா சட்டம். அடங்கி நட."

சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகு அவள் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள். பிள்ளை குளிர்ந்து கிடந்தது. நான் தபாலோடு நோர்வூட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் லயத்து வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. சட்டத்தின் மேல் யார் கோபப்பட முடியும்? என் வீட்டுக்காரியை அனுப்பாதது சட்டம்தான் என்று நானும் நம்பினேன். நம்பி, அந்தக் கங்காணிக்குக் கும்பிடும் போட்டேன்.

ஒன்பது மாதம் கழித்து, பலகையில் எழுதுவதற்காக ஒன்பதாம் சட்டத்தை எடுத்து வைத்து வாசித்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்று தாய் சொன்னால், அவளை அந்த நிமிஷமே டிஸ்பென்சரிக்கு அனுப்ப வேண்டும். பேர் வெட்டி அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. கங்காணிமார் இதன்படி நடக்க வேண்டும்.

கங்காணிமார்! நாங்கள் அல்ல. மூன்று தடவை வாசித்தேன்.

முன்பாதியை உடனே எழுதிவிட்டேன். கடைசியில் இருந்த அந்த ஒரு வினைச்சொல்லில்தான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பாதிரியார் தந்த பழைய அகராதியில் அதற்கு நாலைந்து தமிழ் இருந்தது. அனுசரிக்க, கைக்கொள்ள, கடைப்பிடிக்க, கீழ்ப்படிய. எல்லாம் பெரிய மனிதர்களுக்குப் போடுகிற மரியாதையான சொற்கள். இராமையாவுக்கு எதற்கு மரியாதை? அகராதியை மூடினேன். எனக்கு வேண்டிய சொல் என் காதிலேயே இருந்தது.

பலகை நட்ட அன்று பனி இன்னும் கலையவில்லை. புதுத் துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாய் ஒத்துப் பார்த்தார். கங்காணி தலைப்பாகையைச் சரி பண்ணிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார். எட்டுச் சட்டங்களுக்கும் "சரிங்க தொர" வந்தது. ஒன்பதாவதை நான் நிறுத்தி, உரக்க வாசித்தேன்.

"...தாயை அந்த நிமிஷமே அனுப்ப வேண்டும். கங்காணிமார் அடங்கி நடக்க வேண்டும்."

கங்காணியின் முகம் வெளிறிவிட்டது. "பொய்யிங்க தொர! இவன் பழி வாங்குறான்," என்று கத்தினார்.

துரை புத்தகத்தைப் பார்த்தார். "சட்டம் சரி," என்றார். பிறகு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது சரியான சொல்லா?" என்று என்னைக் கேட்டார்.

"சரியான சொல்லுதாங்க தொர. இருவது வருசமா கங்காணி எங்களுக்குச் சொல்லிக் குடுத்த சொல்லு. இல்லைன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

கங்காணி எப்படி இல்லை என்பார்? இல்லை என்றால், இத்தனை வருஷம் துரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னதெல்லாம் பொய் என்றாகும். துரைக்கு எங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் புத்தகத்தில் இருப்பதைக் கங்காணி பொய் என்று கத்தியதுதான் அவருக்குச் சுட்டது. இனித் தினமும் பெரட்டில் ஒன்பதாம் சட்டத்தைக் கங்காணியே பலகையைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் குதிரையேறினார்.

மறுநாள் கங்காணி வாசித்தார். கடைசிச் சொல் வந்ததும் குரலை விழுங்கிவிட்டு, ஆட்களைப் பிரிக்கத் திரும்பினார். பெண்கள் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. மீனம்மா முன்னால் வந்தாள். ஒன்பது மாதமாக யாரோடும் உரக்கப் பேசாதவள்.

"கடைசிச் சொல்லு கேக்கல, இராமையா."

ஐயா என்றும் இல்லை, கங்காணி என்றும் இல்லை, வெறும் பேர். அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைக் காட்டினேன்.

"கங்காணிமார்... அடங்கி நடக்க வேண்டும்."

"இன்னும் சத்தமா," என்றாள் மீனம்மா. "புள்ளைக் காம்பரா வரைக்கும் கேக்கணும்."