ஓரகத்தியின் லேப்டாப்

பசைக் குழாயின் வாய் அடைத்திருந்தது. குண்டூசியால் குத்திவிட்டு அழுத்தினேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே இருந்த சூப்பர் க்ளூ மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு வந்து, என் கையிலிருந்த மாமனாரின் மூக்குக்கண்ணாடியைத் தாண்டி ஓரகத்தியின் லேப்டாப்பில் விழுந்தது. மணிக்கட்டு வைக்கும் இடத்தில் ஒரு நீளக் கோடு. பட்டன்களின் மேல் நாலைந்து சொட்டு.

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு இதே லேப்டாப்பில்தான் அவளுக்கு மீட்டிங். அவளை மேனேஜர் ஆக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மீட்டிங். காலையிலிருந்து வீடே அதைச் சுற்றித்தான் நடந்தது. மாமனார் மாடிக்குப் போய் இருமிவிட்டு வந்தார். என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு மத்தியானம் மிக்ஸி போடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் எனக்காக இந்த வீட்டில் எதுவும் ஒரு நிமிஷம் நின்றதில்லை.

ஜன்னலோரம் வெளிச்சம் விழும் மேஜை அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே உட்கார்ந்தேன். அவளிடம் இதை எப்படிச் சொல்வதென்று மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், ஆனாலும் பொய் மாதிரியே இருந்தது.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை அணைத்தேன். துணியால் ஒற்றி எடுத்தேன், தேய்த்தால் பரவும். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக நாலு வருஷம் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் இருந்தவள் நான். எது எதைக் கரைக்கும், எது எதை ஒன்றும் செய்யாது என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. மகன் பிறந்தபோது ஆறு மாதம் லீவு போட்டேன். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவள் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அய்யோ, என்னக்கா இது?"

"மாமா கண்ணாடியை ஒட்டிட்டிருந்தேன். ட்யூப் அடைச்சிருந்துச்சு, அப்படியே பீச்சிடுச்சு."

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது, ஆனாலும் "பரவால்லக்கா, தெரியாமத்தானே" என்றாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இவளுக்கு மட்டும் எல்லாமே எப்படிக் கைநிறைய இருக்கிறது, மன்னிப்பு உட்பட?

போனில் எதையோ அவசரமாகத் தேடினாள். "நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா போயிடுமாம்க்கா!" என்று ஓடிப்போய் பாட்டிலும் பஞ்சுமாக வந்தாள்.

மூடியைத் திறந்ததுமே வாசனை வந்தது. அசிட்டோன். பசையைக் கரைக்கும்தான். பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். முதலில் எழுத்து போகும், அப்புறம் பட்டன் இளகும், உள்ளே இறங்கினால் அத்தோடு முடிந்தது. நான் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அவளே செய்கிறாள், என் கை படவில்லை, யாரும் என்னைக் கேட்க முடியாது. மூன்று மணி வரும், போகும். நாளைக்கு மிக்ஸி ஓடும். இவ்வளவும் பஞ்சு நனைவதற்குள் யோசித்துவிட்டேன்.

பஞ்சு 'எஸ்' பட்டனில் பட்டது. ஒரே இழுப்பு. பாதி எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது.

"விடு!" அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. "அது பிளாஸ்டிக்கைத் தின்னுடும். மூடி தூர வை. மாமாவுக்கு ஊசி போட ஸ்பிரிட் வச்சிருக்கோமே, அதை எடுத்துட்டு வா. காது குடையிற பஞ்சுக்குச்சியும்."

லேப்டாப்பை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டேன். குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பிழிந்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் வைத்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. பிறகு பசையின் ஓரத்தில் மட்டும், ஒரு சொட்டும் வழியாமல். ஓரம் வெளுத்து இளகியதும் பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் நுனியால் நெம்பினேன். செதில் செதிலாக வந்தது. அவள் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேபில் பிடித்த அதே பிடி என் கையில் இருந்தது. அதை நானே கவனித்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"லேப்ல வேலை பார்த்திருக்கேன்."

"அஞ்சு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், யாரும் சொல்லவே இல்லையே."

"நீயும் கேக்கல."

லைட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அது அசிட்டோன்னு எப்போ தெரிஞ்சுச்சு?"

"வாசனையிலயே."

"நான் மூடியைத் திறந்தப்பவா?"

நான் கடைசிச் செதிலை நெம்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் ஒரு கணம் விலகிப் போய், மறுபடி என் விரல்மேல் வந்து நின்றது.

ஈரம் காயட்டும் என்று காத்திருந்துவிட்டு, மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போட்டோம். உயிர் வந்தது. பாதி எழுத்துப் பட்டனைத் தட்டிப் பார்த்தாள், திரையில் எழுத்து விழுந்தது. அவசரமாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"துண்டு!" என்றேன்.

அவள் கை கீபோர்டை விட்டு வரவில்லை. நானே துண்டை உருவி, ஈரத் தலையைக் கோதி, கிளிப்பைப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் திரை நிறைய முகங்கள் வந்துவிட்டன. யாரோ வணக்கம் சொன்னார்கள். கீழ் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் அவள். அவளுக்குப் பின்னால் என் தோளும் பாதி முகமும்.

அவள் திரும்பவில்லை. போங்கக்கா என்று கையசைக்கவும் இல்லை. ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் தெரிந்தவளைப் பார்த்தபடி நான் அங்கேயே நின்றேன்.