முன் இடது சக்கரம்

எங்கள் வீட்டின் முன் இடது சக்கரத்தில் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு தேய்ந்துவிட்டது. அதனால் வீடு தினமும் நான்கு விரற்கடை இடப்பக்கமாக நகர்கிறது. இடப்பக்கம் எஸ்தர் வீடு.

மாதக் கடைசிச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அது அந்த வீட்டாருக்குச் சொந்தம். எங்கள் தெருவில் இதுதான் வழக்கம். போன மாதம் குளியலறை போனது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்தர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் குளிக்கிறோம். இந்த மாதம் சமையலறையின் முறை. சனிக்கிழமை காலை பார்க்கிறேன், அடுப்பு வரைக்கும் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

என் கணவர் இன்பராஜிடம் ஆறு மாதமாகச் சொல்கிறேன். "லேசா இழுக்கத்தான செய்யுது" என்பார். அன்றும் பேப்பரை இறக்காமல், "சமைக்கது நீதான, எங்க நின்னு சமைச்சா என்ன?" என்றார்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஜாக்கி கொடுத்தேன்.

சக்கரம் சுலபமாக வந்தது. ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியேறி, உள்ளே உருண்டை கடகடவென்று ஆடியது. ஆடுகிற சாமான் கையோடு வரவேண்டும் அல்லவா? வராது. பின்னைப் பிடுங்கி நட்டைக் கழற்றிய பிறகும் அதன் தண்டு துளைக்குள் இறுகி உட்கார்ந்திருந்தது. இந்த வீட்டில் தேய்ந்து ஒன்றுக்கும் உதவாததெல்லாம் இப்படித்தான், இடத்தை விடாது.

சுத்தியல் வேண்டும். எங்கள் சுத்தியல் குளியலறைப் பரணில் இருந்ததால் இப்போது அது எஸ்தருடையது. "போய் இரவலாவது வாங்கிட்டு வாங்க" என்று அவரை விரட்டினேன். மணி பதினொன்று.

இருபது நிமிடம் கழித்து எல்லைக் கோட்டைத் தாண்டிச் சுத்தியல் நீண்டது. நீட்டிய கை எஸ்தருடையது.

"அவர் எங்க?"

"அண்ணன் காப்பி குடிக்காங்கக்கா. ரெண்டாவது டம்ளர்."

கோபம் வந்தால் பத்து வரை எண்ணவேண்டும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்திருக்கிறார். எண்ணி எண்ணி அடித்தேன். ஒன்பதில் கழன்று விழுந்தது. பத்தாவதையும் அடித்தேன்.

முன்பே வாங்கி வைத்திருந்த புது ஜாயின்ட்டை ஏற்றி, நட்டை முறுக்கி, பின்னைச் செருகி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினேன். வீடு லேசாக முனகிக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது. முதலில் அடுப்பு வந்தது, பிறகு தொட்டி, கடைசியாகப் பாத்திர அலமாரி. சமையலறை முழுவதும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

சர்ச் மணி அடித்தது. எஸ்தர் கோட்டோரம் வந்தாள்.

"அக்கா, அண்ணன் இந்தப் பக்கம்லா இருக்காங்க."

"ஆமா."

"எங்க வைக்க?"

ஸ்பானரைத் துடைத்தேன்.

"நடு ஹால்ல வை. இடது ஓரமா வச்சா வீடு இழுக்கும்."