சோதனையில் தேறிய சோடா

குண்டு வெடித்த வருடம், கோடையில் எங்கள் நன்னாரி சோடாவை வாங்க ஆளில்லை. என் அக்காள் புருஷன் ஜபருல்லா தயாரிக்கும் சோடா அது. அதைக் குடித்தால் குழந்தை தங்காது என்று எவனோ கிளப்பிவிட்டான். மதுக்கரையிலும் காங்கேயத்திலும் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். "நமக்குத் தெரியாதுங்களா பாய், சனங்க தொட மாட்டேங்கறாங்க" என்றார்கள். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

இந்தக் கோடையும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான். மச்சான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேபுக்குப் பாட்டில்களைக் கொடுத்தனுப்பினார். "படிச்சவங்க அளந்து சொன்னா ஊரு நம்பும் நிஜாமு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வதந்தியை அளக்க எந்த மிஷின் இருக்கிறது? ஆனாலும் தூக்கிக்கொண்டு போனேன்.

ரிப்போர்ட்டை லேப் கெமிஸ்ட் பாலுசாமியே கொண்டுவந்தார். அந்தச் சமயத்தில் எங்கள் தெருவுக்குள் வர ஆட்டோக்காரனே யோசிப்பான். இவர் பஸ் ஏறி வந்திருந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது.

கிராஃப் தாளை மேஜையில் விரித்தார். "ஒவ்வொரு வாசனைப் பொருளும் மிஷின்ல தனித்தனிக் கோடா எழும்புமுங்க. இது நன்னாரி. இது எலுமிச்சை. இந்தச் சின்னது வெனிலின். நானே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப்போட்டனுங்க. கலப்படம்னு ஒண்ணுமே இல்லீங்க."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, உடைத்து நீட்டினார்.

பாலுசாமி வாங்கி மூக்கருகே பிடித்தார். "வாசனை சுத்தமா இருக்குதுங்க" என்றார். பிறகு பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"தொண்டை கட்டியிருக்குதுங்க பாய். இன்னொரு நாளைக்குக் குடிக்கறனுங்க."

மச்சான் சிரித்தபடியே அந்தப் பாட்டிலை எடுத்து அவர் எதிரிலேயே முழுக்கக் குடித்தார். இன்னொன்றை உடைத்து அவர் முன்னால் வைத்தார்.

பாலுசாமிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்தார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மச்சான் வாசல்வரை போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்தார்.

ரிப்போர்ட்டுக்குக் கண்ணாடி பிரேம் போடலாமா என்று கேட்டேன்.

"அளந்த மனுசனே குடிக்கலை மாப்ளே," என்றார். "சோடா மிஷினை யாராச்சும் எடுத்துக்குவாங்களான்னு விசாரிச்சுப்போடு."