முப்பதாம் பெயர்

பச்சைமலைச் சாரலிற் பிறந்து, பெரம்பலூர்ப் பக்கத்துக் கற்காடுகளை ஊடறுத்து, அரியலூரை அடுத்த கரிசல் வெளிகளைத் தழுவிக் கிழக்கு நோக்கிச் செல்லும் மருதையாறு, அந்த ஆண்டு மாசித் திங்களிலேயே வற்றி, மணலைத் தோண்டினாற் கசியும் ஊற்றாய்ச் சுருங்கிக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த வயல்கள் பிளந்து கிடக்க, கதிர் கொய்த சோளத்தட்டைகள் விடியற்காற்றில் உரசி, அடுத்த வீட்டில் யாரோ அடங்கிய குரலிற் பேசுவது போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. தொலைவிலே அரியலூர் இருப்புப்பாதையில், போர்முனைக்குப் படைஞரை ஏற்றிச் செல்லும் வண்டியொன்று நெடிதாய் ஊதிக் கடந்தது. அவ்வொலி கேட்டு நெடுங்கரை என்னும் சிற்றூரின் நாய்களெல்லாம் ஒருங்கே குரைத்து ஒருங்கே அடங்கின. அறிவுசான்ற அன்பரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டின் அந்த விடியலில் அவ்வூரில் இரவெல்லாம் இமை மூடாதவர் ஒருவர் இருந்தார். அவர் ஊர்ப்பள்ளி ஆசிரியர் மரியசூசை.

வரதராசன்பேட்டைப் பக்கத்து உழவர் குடியிற் பிறந்த மரியசூசை, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நெடுங்கரைக்கு வந்து, சுண்ணாம்புக்கற் சுவரும் பனையோலைக் கூரையுமாய் ஒரு கூடத்தைப் பாதி தம் கையாலேயே எழுப்பி, மாடு மேய்த்துத் திரிந்த பிள்ளைகளை வீடு வீடாய்ச் சென்று கெஞ்சியும் மிரட்டியும் அழைத்து வந்து எழுத்தறிவித்தவர். தமக்கென ஒரு காணி நிலமும் இல்லாத கூலிக்குடிகளின் மக்கள் பதினொருவர், அவர் கையில் ஐந்தாம் வகுப்பைத் தேறி, அரியலூர் உயர்பள்ளியிற் போய் அமர்ந்திருந்தனர். அட, ஒரு மனிதனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்! கேட்பார் கேளார் எல்லாரிடமும் அந்தப் பதினொரு பெயரையும் ஒப்பித்துவிட்டுத்தான் அவர் தண்ணீர் குடிப்பார்.

ஆனால், போர் வந்தது; போரோடு எல்லாம் சுருங்கியது. மாவட்டக் கழகத்தார் பள்ளிக்கு வழங்கிவந்த உதவியை ஒரு முறை குறைத்தனர், மறுமுறையும் குறைத்தனர். எழுதுகோல் ஒன்றை மூன்றாய் உடைத்துப் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டனர்; தாள் கிடைக்காமையால் கணக்கெல்லாம் ஆற்றுமணலில் நடந்தது. மூன்றாம் முறை வந்த ஆணையோ, முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கு இனி உதவியே இல்லை என்றது. பஞ்சம் பிழைக்கக் குடிகள் ஊரைவிட்டுப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பதிவேட்டில் இருந்த பெயர்கள் சரியாக முப்பது. கூடத்தில் வந்து அமர்ந்தவரோ இருபத்தொருவர். பள்ளி மூடினால், பங்குனித் தேர்வுக்கு ஆயத்தமாய் இருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவரும் மறுநாளே மாட்டின் பின்னால் போக வேண்டியதுதான்.

அந்த முப்பதில் கடைசியாய் நின்ற ஒரு பெயரை மட்டும் மரியசூசை ஒவ்வொரு நாளும் வாய்விட்டு அழைக்காமலே கடந்து சென்றார். அது ஆண்டாயி என்னும் பத்து அகவைச் சிறுமியின் பெயர். நான்காம் வகுப்பில் அவளுக்கு நிகர் அவளே. ஐப்பசிக் காய்ச்சலில் மூன்றே நாளில் அவள் கண்மூடினாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த மாலையில் பெயரை அடிக்கத்தான் அவர் பதிவேட்டைத் திறந்தார். அடித்தால் இருபத்தொன்பது. அடுத்த திங்கள் அடித்துவிடலாம் என்று மூடிவைத்தார். கார்த்திகையும் போயிற்று, மார்கழியும் போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு வந்ததும் வராததும் மாறி மாறிக் குறிக்கப்பட, இறந்தவளுக்கு மட்டும் எதைக் குறிப்பதென்று தெரியாமல், நாள்தோறும் வந்ததாகவே குறித்துவிட்டு விரைந்து ஏட்டை மூடுவது அவர் வழக்கமாயிற்று.

இதனிடையே பள்ளி ஆய்வாளர் வரும் நாள் குறிக்கப்பட்டது. ஆய்வு நாளில் ஒரு பள்ளிக்கு மற்றொரு பள்ளி பிள்ளைகளை இரவல் கொடுப்பது அக்காலத்து ஏழை ஆசிரியர்கள் தமக்குள் நடத்திவந்த கைமாற்று. இரண்டு கல் தொலைவில் மணலேரி என்னும் ஊரில் பள்ளி நடத்திய சவரிமுத்து, மரியசூசையின் மனைவி தெரசம்மாளுக்கு உடன்பிறந்தவர். அவர் ஒன்பது பிள்ளைகளை அனுப்ப இசைந்தார். யார் எந்தப் பெயருக்கு எழுந்து நிற்பது என்று முதல் நாள் மாலை அடுப்படியில் அமர்ந்து மரியசூசை பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, கூழ் கிண்டிக்கொண்டிருந்த தெரசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆண்டாயி பேருக்கு யாருங்க?"

"மணலேரிப் புள்ள, சாந்தி மேரி. அதே வயசு, அதே ஒசரம். நல்லா படிக்கிற புள்ள."

"செத்த புள்ள பேருங்க அது. அதுக்குப் போயி உசுரோட இருக்குற புள்ளைய நிறுத்துறீங்களே, அடுக்குமா? வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

"ஒரே நாளுதான் தெரசு. நாளான்னைக்கே அடிச்சிட்றேன். ஆண்டவரே தலையில கை வெச்சாலும் எனக்கு இருபத்தொம்போது முப்பது ஆவாது."

தெரசம்மாள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். கூழின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மரியசூசை இரவெல்லாம் விழித்திருந்த அந்த ஆய்வு நாளன்று பொழுது புலருமுன்பே கூடத்தின் தரை சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தது. மெழுகியவள் ஆண்டாயியின் தாய் கொளஞ்சியம்மாள். வடகிழக்கு எல்லையிற் படைக்குச் சாலை போடக் கூலியாய்ப் போன கணவன் பாவாடையிடமிருந்து ஓலை ஒன்றும் வராமல், பெற்ற ஒரே மகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தனிமரமாய் நின்றவள் அவள். மெழுகி முடித்ததும் களத்துவேலைக்குப் போய்விடுவாள் என்றே மரியசூசை எண்ணியிருந்தார். ஆனால், ஆய்வாளரின் வில்வண்டியைக் காண ஊரே திரண்டு கூடத்தின் அரைச்சுவரைச் சுற்றி நிற்க, அவளும் சாணக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். அதைக் கண்ட மரியசூசை, அவளைப் போகச் சொல்லவும் வழியின்றி, வண்டியை எதிர்கொள்ள நடந்தார்.

ஆய்வாளர் சிங்காரவேலு கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். பிற ஆய்வாளரைப் போலத் தலையை எண்ணிவிட்டுக் காப்பிக்குக் காத்திருப்பவர் அல்லர். பதிவேட்டைத் தம் கையிலேயே வாங்கி, எழுந்து நின்று, கணீரென்ற குரலில் ஒவ்வொரு பெயராய் அழைத்தார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொரு குரலாய் எழுந்தது. ஊரார் அறிவர், அவற்றுள் ஒன்பது குரல் தம் ஊர்க்குரல் அல்லவென்று. அறிந்தும், பள்ளி நிலைக்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றனர்.

"ஆண்டாயி."

"உள்ளேன் ஐயா."

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கொளஞ்சியம்மாள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அரைச்சுவரின் மேல் கையூன்றி, உள்ளே எட்டி, அந்தக் குரல் வந்த இடத்தையே நோக்கினாள். அவள் வாய் திறந்தால் பள்ளியும் போயிற்று, மானமும் போயிற்று, ஐந்து பிள்ளைகளின் வாழ்வும் போயிற்று.

ஆய்வாளர் அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால், ஏட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியவர், புருவம் உயர்த்தினார். அறுவடைக்கும் சந்தைக்கும் சாவுக்கும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வராமல் நின்றிருக்க, நான்கு திங்களாய் ஒரு நாளும் பள்ளி தவறாத பெயர் அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான்! சாந்தி மேரியை முன்னே அழைத்தார். மனக்கணக்குக் கேட்டார், கேட்டு முடிப்பதற்குள் விடை வந்தது. பாடல் சொல்லச் சொன்னார்; பிசிறில்லாமற் சொன்னாள். ஆய்வாளரின் முகம் அன்றுதான் மலர்ந்தது.

"இவளைப் பெற்றவர் யார்? இங்கே இருக்கிறாரா?" என்று கூட்டத்தை நோக்கிக் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. அப்போது அரைச்சுவரின் திறப்பு வழியே கொளஞ்சியம்மாள் உள்ளே வந்து, அந்தச் சிறுமியின் அருகே நின்றாள்.

"எம் புள்ளதாங்க சாமி."

"நல்லது அம்மா. இந்தப் பஞ்சத்திலும் ஒரு நாள் விடாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாய். உன்னை எத்தனை பாராட்டினாலும் தகும்."

"நான் எங்கங்க அனுப்புனேன்," என்றாள் கொளஞ்சியம்மாள், சிறுமியின் தலையை மெல்லத் தடவியவாறு. "அவளாத்தான் வந்துருக்கா."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். ஊரார் ஒருவரும் சிரிக்கவில்லை. சாந்தி மேரி மட்டும் ஒன்றும் புரியாமல், அந்தக் கையின் சூட்டில் அசையாது நின்றாள்.

மணலேரிப் பிள்ளைகள் திரும்பிச் சென்றபின், அந்திப்பொழுதில் மரியசூசை கொளஞ்சியம்மாளின் குடிசைக்குச் சென்றார். பதினான்கு ஆண்டில் எவர் முன்னும் கூப்பாத கையைக் கூப்பினார். "தப்பு பண்ணிட்டேன் கொளஞ்சி. நீ காப்பாத்திட்ட. நாளைக்கே அந்தப் பேரை எடுத்திட்றேன்" என்றார்.

அவள் பதறிப்போனாள். "எதுக்கு எடுக்கணும்? நாலு மாசமா அவ அங்கதான் வந்துட்டு இருந்திருக்கா, எனக்குத்தான் தெரியாம போச்சு. எம் புள்ள பேரை அந்தப் பெரிய மனுசரு எம்மாம் சத்தமாக் கூப்புட்டாரு! நீங்களும் அப்புடிக் கூப்புடணும் வாத்தியாரய்யா. நாளைக்கு நான் வந்து கேப்பேன்."

சொன்னபடியே வந்தாள். மறுநாள் மட்டுமன்று, ஒவ்வொரு நாளும் வந்தாள். அரைச்சுவரின் ஓரத்தில் அமர்ந்து, முப்பது பெயரும் முடியும்வரை காத்திருந்து, ஆண்டாயியின் பெயர் விழுந்ததும் முகம் தெளிந்து களத்துக்குப் போனாள். பெயர் அழைத்தபின் வரும் அந்த வெறுமையைப் பிள்ளைகள் மூச்சடக்கிக் கடந்தனர். மகள் அமர்ந்திருந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாதென்று அவள் சொன்னாள். சொல்லும்போது குரலில் கடுமை ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒருவரும் உட்காரவில்லை. சில நாள் ஒரு பிடி வறுத்த கடலையை அவ்விடத்தில் வைத்துச் சென்றாள். மரியசூசை எப்படித் தடுப்பார்? எந்த வாயால் தடுப்பார்? உன் மகள் இறந்துவிட்டாள் என்று சொல்லும் உரிமை ஊரில் எவர்க்கும் உண்டு. அவர் ஒருவர்க்குத்தான் இல்லை.

பங்குனித் தேர்வில் ஐந்து பிள்ளைகளும் தேறினர். பதினொன்று பதினாறாயிற்று. ஆனால், அந்தப் பதினாறு பெயரையும் ஒப்பிக்க இம்முறை மரியசூசைக்கு வாய் வரவில்லை. கோடை விடுமுறைக்குச் சற்று முன், மறதியாய் அந்த வெற்றிடத்தில் அமர்ந்த ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டே நாளில் அவள் எழுந்து ஓடியாடினாள் என்பது உண்மை. அதை யார் கேட்டார்கள்? பள்ளியில் நாள்தோறும் செத்த பிள்ளையை அழைக்கிறார்கள், அழைத்தால் வராமல் இருக்குமா என்று கிணற்றடியிற் பேச்சு எழுந்தது. ஆனித் திங்களிற் பள்ளி திறந்தபோது, தேறிப்போன ஐவரின் பெயரும் அடிபடாமல் ஏட்டில் முப்பது அப்படியே இருக்க, வந்த பிள்ளைகள் பதின்மூவர். அடுத்த கிழமை எண்மர். வீடு வீடாய்ச் சென்று கெஞ்சியவரிடம், "ஒங்களக் கையெடுத்துக் கும்புட்றோம் சாமி, புள்ளைங்கள விட்டுடுங்க" என்று பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்கள்.

ஆடிப் பிறப்பன்று மாவட்டக் கழகத்தின் ஆணை வந்து சேர்ந்தது. முப்பது பிள்ளைகளும் செவ்வனே பயிலும் நெடுங்கரைப் பள்ளிக்கு உதவி தொடரும் என்றும், முன்பு குறைத்த தொகையும் மீட்டளிக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. தெரசம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரியசூசை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கூரையோலை ஆடிக்காற்றில் படபடத்தது. மணியடித்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. மீண்டும் அடித்தார். கொளஞ்சியம்மாள் மட்டும் வந்து அரைச்சுவரோரம் அமர்ந்தாள்.

"கூப்புடுங்க வாத்தியாரய்யா. வெய்யில் ஏறுது, நான் வேலைக்குப் போவணும்."

"ஒரு புள்ளயும் வரலியே கொளஞ்சி."

"எம் புள்ள வந்துருக்கால்ல?"

மரியசூசை அவளைப் பார்த்தார். ஆண்டாயியின் பெயரை அடிப்பதற்கென்று எடுத்த எழுதுகோல் கையில் இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு, முதற்பெயரிலிருந்து அழைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் சற்று நிறுத்தி, காத்திருந்து, வரவில்லை என்று குறித்தார். இருபத்தொன்பது பெயர்கள் அவ்வாறே போயின. முப்பதாம் பெயரையும் அழைத்தார்.

"உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றாள் கொளஞ்சியம்மாள். ஒரு நாளும் பள்ளியிற் படித்தறியாத அவள், பிள்ளைகள் நிற்பது போலவே கைகட்டி நின்றாள். அவர் குறித்துக்கொண்டதைக் கண்டபின்னரே வேலைக்குப் புறப்பட்டாள்.

இறந்தாரை அழுது, விடைகொடுத்து, போய்விட்டார் என்று ஒரு நாள் ஒப்புக்கொள்ளும் உரிமை, வேறெதுவும் இல்லாத ஏழைக்கும் இவ்வுலகில் உண்டு. அவ்வுரிமையை ஒரு தாயிடமிருந்து தம் பள்ளியின் பொருட்டு எடுத்துக்கொண்டுவிட்டதை மரியசூசை அன்று, ஒரு பிள்ளையும் இல்லாத அக்கூடத்தின் நடுவே நின்று அறிந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி மட்டும் அவருக்கு இறுதிவரை தெரியவில்லை.