கைப்பிடி இல்லாத படிக்கட்டு

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வளவனின் வீடு இருந்தது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அதன் மேல் இரண்டு அறைகள் கட்டினான். பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு, ஏசியும் மாட்டியாயிற்று. வெளிப்பக்கமாக மேலே ஏறும் படிக்கட்டுக்கு மட்டும் கைப்பிடி வைக்கவில்லை. கண்ணாடியும் ஸ்டீலும் சேர்ந்த கைப்பிடிதான் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த வேலை செய்கிற ஆள் வேலூரிலிருந்து வரவேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது.

அவன் மனைவி கீர்த்தனா அதுவரை காத்திருக்கவில்லை. அவர்களுடைய மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். கீர்த்தனா ஒரு பழைய கதவுப் பலகையை முதல் படிக்கு முன்னால் நிறுத்தி, ஒரு பக்கம் ஜன்னல் கம்பியிலும் மறுபக்கம் தூணிலும் கயிற்றால் கட்டினாள். மேலே போகிறவர்கள் அவிழ்த்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் கட்டவேண்டும்.

மாமியார் சரோஜாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ரூம் பாக்க வர்றவங்க மாட்டுக் கொட்டாய்னு நினைக்கப் போறாங்க" என்றாள்.

"நினைச்சிக்கட்டும் அத்தை. கைப்பிடி வர்ற வரைக்கும்தான்."

ஐப்பசிப் பௌர்ணமிக்கு சரோஜாவின் மகள் வினோதினி, நான்கு வயது மகன் அருணேஷுடன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். சாயங்காலம் எல்லோரும் கிரிவலம் போவதாக இருந்தது. மதியம் அவள் உள்ளே கொஞ்சம் படுத்திருந்தாள். கீர்த்தனா கொல்லைப்பக்கம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் அறை பார்க்க வந்தார்கள். சரோஜா பலகையை அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவர்களை மேலே கூட்டிப்போனாள். பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சரோஜா உள்ளே ஓடினாள்.

அருணேஷ் அழுகிற சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள். பாதிப் படியிலிருந்து பக்கவாட்டில், சிமென்ட் தரையில் விழுந்திருந்தான். இடது முழங்கைக்கு மேலே வீங்கிக்கொண்டு வந்தது. வினோதினி கையைப் பிடித்து நீட்டப் பார்த்தாள்.

"தொடாதீங்க வினோதினி. எப்படி வச்சிருக்கானோ அப்படியே இருக்கட்டும்" என்றாள் கீர்த்தனா. ஒரு துண்டால் கையை அசையாமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். வளவன் ஆட்டோ கூட்டிவந்தான்.

கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி வழிகளை அடைத்திருந்தார்கள். ஆட்டோ சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிந்து விலகியிருக்கிறது, கம்பி வைக்கவேண்டும் என்றார் டாக்டர். பையனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த வினோதினி, அழுகை நின்றதும் கீர்த்தனாவைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணுக்குன்னா கட்டி வப்பீங்க. எம்புள்ள வந்த அன்னிக்கு அவுத்து வச்சிட்டீங்களா அண்ணி?"

கீர்த்தனாவுக்கு முகம் சிவந்தது. காலையில் தான்தான் முடிச்சை இறுக்கினோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யார் அவிழ்த்தது என்று தெரியவில்லை. மாமியார் மேல் சந்தேகம் மட்டும் இருந்தது. வளவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரோஜா எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "அவள ஏன் கேக்கற? நான்தான் அவுத்தேன். மறுபடி கட்டல" என்றாள்.

வினோதினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இருட்டிய பிறகுதான் பையனைக் கையில் கட்டோடு வெளியே கொண்டுவந்தார்கள்.

வளவன் வேலூர் ஆளுக்குக் காத்திருக்காமல் மறுநாளே உள்ளூர் வெல்டரைக் கூட்டிவந்தான். வெல்டர் போனில் படங்கள் காட்டினார். எல்லாம் படுக்கைவாட்டில் கம்பி ஓடுகிற மாதிரி.

"இதுதான் இப்ப ஜாஸ்தி போடுறாங்க."

"வேணாங்க" என்றாள் கீர்த்தனா. "கொழந்தைங்க அதுல கால் வச்சி ஏறிடும். நேரா நிக்கிற கம்பியே போடுங்க. நடுவுல நாலு இஞ்சுக்கும் கம்மியா விடுங்க. கீழயும் மேலயும் ஒரு கேட்."

வளவன் கண்ணாடி ஆசையை விட்டுவிட்டு வெல்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தான்.

அருணேஷின் கைக்கட்டைப் பிரித்தபோது கை முழுக்க நீளவில்லை. பயிற்சி செய்யச் சொன்னார்கள். சரோஜா அடிக்கடி பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய், பேரனைச் சுவர் பக்கம் நிற்கவைத்துக் கையைச் சுவரிலேயே மேலே மேலே நகர்த்தச் சொல்வாள். முதலில் மகள் அவளிடம் அதிகம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். போகப் போகப் பேச்சு வந்தது. கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. இன்னும் லேசாக வளைவு தெரிகிறது.

மாசி மாதம் வினோதினி மறுபடி வந்தாள். மாடியில் காய்ந்த துணியை எடுக்க, கேட்டைத் திறந்து, சாத்தி, படி ஏறினாள். பாதியில் நின்று கீழே பார்த்தாள்.

"இந்தக் கம்பிச் சந்துல கொழந்தைங்க தல மாட்டிக்காதுல்ல அண்ணி?"

"மாட்டாது. பாத்துதான் போடச் சொன்னேன்" என்றாள் கீழே நின்ற கீர்த்தனா.

வினோதினி தலையாட்டினாள். ஆனாலும் கம்பிகளுக்கு நடுவே தன் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனாள்.