தொப்பிக்காரிக்குத் தமிழ் தெரியாது

குண்டூசி தண்ணீர் கேட்டாள். நான் இரண்டு கைகளையும் விரித்து, உதட்டைப் பிதுக்கி, புரியவில்லை என்று தலையை ஆட்டினேன். "தண்ணி, தண்ணி" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மறுபடியும் கைகளை விரித்தேன். என் முகத்தையும் தலையில் இருந்த பச்சைத் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு என் விரலைப் பிடித்து இழுத்துப்போய், மேடைமேல் எட்டாமல் இருந்த குவளையைக் காட்டினாள். "ஆகுவா" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. குடித்தாள், வாயைத் துடைத்தாள், வந்து உட்கார்ந்தாள். எங்கள் முதல் ஸ்பானிஷ் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

குண்டூசி என் அக்காவின் மகள். அடுத்த பிறந்தநாளுக்கு ஐந்து வயது. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும், அதனால் அந்தப் பெயர். மாமா, அதாவது அக்காவின் கணவர், காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலைக்காக ஸ்பானிஷ் பேசும் ஊர் ஒன்றுக்கு முன்னதாகவே போய்விட்டார். அவர் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு மழலையர் பள்ளிதான். குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்னால் அங்குள்ள ஆசிரியை வீடியோ அழைப்பில் அதனோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்பார். பெரிய பரீட்சை ஒன்றும் இல்லை. சொன்னது புரிகிறதா, வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசுகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இடம் கிடைத்தால் அக்காவும் குண்டூசியும் மாமாவோடு போய்ச் சேரலாம். கிடைக்காவிட்டால் அக்கா அங்கே வேலைக்குப் போக முடியாது. பயணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். மாமாவின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அதற்கு முன்பே, சும்மா ஓர் ஆசையில் சேர்ந்தது. வகுப்பில் நான் சுமார்தான். அந்த உருண்டோடும் 'ர' இன்றுவரை என் நாக்கில் உருளாமல் ஈரச் சோப்பு மாதிரி நழுவிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அக்கா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் யோசனை கேட்டேன். "மொழிபெயர்க்கவே கூடாது. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு உங்க மொழியே தெரியாதுன்னு வச்சுக்குங்க. தலையில எதையாவது மாட்டிக்கிட்டா குழந்தைக்கு ஒரு அடையாளமா இருக்கும்" என்றார். அதிலிருந்து வந்ததுதான் தொப்பி.

திட்டத்தை முறையாகத்தான் போட்டேன். முதலில் வணக்கம் சொல்லும் பாட்டு. பிறகு கை கழுவும் பாட்டு. அதற்குப் பிறகு, காலுறையில் செய்த வாத்து ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு நெட்டை மனிதர் கிட்டார் வாசிக்கும் காணொளி. வாத்து ஒவ்வொரு பொருளாக ஒளித்து வைக்கும், அவர் தேடுவார், நாற்காலிக்குக் கீழே, கதவுக்குப் பின்னால். நான் காணொளியை நிறுத்தி, எங்கள் வீட்டு நாற்காலிக்குக் கீழே நானே தவழ்ந்து தேடுவேன். குண்டூசி கையைக் கட்டிக்கொண்டு, வாடகை வீடு பார்க்க வந்தவள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை வராது.

"வகுப்புக்குப் போற உனக்கே இன்னும் நாக்கு புரளல, பாவம், புள்ளைக்கு எப்படி வரும்" என்பாள் அக்கா. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கேலியாகத்தான் சொல்வாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தினமும் வகுப்பு முடிந்ததும் எங்கே தப்பு என்று யோசிப்பேன். பாட்டு வேகமா? என் உச்சரிப்பா? வாத்தா?

பேசாதவள் ஸ்பானிஷில் மட்டும்தான் பேசவில்லை. தொப்பி போட்டால் நான் அவளுக்குச் சித்தி இல்லை, வேறு ஆள். அந்தத் தொப்பிக்காரிக்குத் தமிழ் தெரியாது என்பது உறுதியானதும் அவளுக்குப் புதுத் துணிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் என் கண்ணுக்கு நேரே பார்த்து, "உன் மூக்கு பெருசு" என்றாள். நான் முகத்தை அசைக்காமல் ஆப்பிள் படத்தைக் காட்டினேன். "ரொம்ப பெருசு. பஜ்ஜி மாதிரி." கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு அடுத்த படத்தை எடுத்தேன். சோதனை முடிந்தது. அதற்குப் பிறகு நான் அவளுக்கு நம்பகமான ஆளாகிவிட்டேன். வாத்து பாடிக்கொண்டிருக்கும்போதே என் தொடைமேல் சாய்ந்து ஊர்க்கதை பேசுவாள்.

"அம்மா ஒளிச்சு வச்ச பிஸ்கட்டை சித்திதான் தின்னா. உனக்குத் தெரியுமா? அம்மா என்னைத் திட்டுனாங்க. நான் காட்டிக்கொடுக்கல. பாவம்னு விட்டுட்டேன்."

தொப்பிக்குள் எனக்கு வியர்த்தது. அது உண்மை.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், கை கழுவும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் பாட்டு முழுவதையும், ஒரு சொல்கூட விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். நான் கவனிப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, தெரிந்தவளிடம் ஒப்புக்கொள்கிற மாதிரி, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும். ஆனா பாட மாட்டேன். பாடிட்டா அந்த டீச்சர் வான்னு சொல்லிடுவாங்க. பிளேன் வந்துடும். சித்திக்கு டிக்கெட் இல்ல. அம்மா போன்ல சொன்னாங்க, நான் கேட்டேன்." தன் விரல்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தாள். "சித்திக்கு ராத்திரி தனியா படுக்க பயம். என்னைக் கட்டிப் பிடிச்சாத்தான் தூங்குவா. நான் போயிட்டா யாரு இருக்கா அவளுக்கு? சித்திகிட்ட சொல்லிடாத, அழுவா."

அவளைத் தூங்க வைப்பதற்கு நான் தினமும் சொல்லும் பொய் அது. 'வாடா, எனக்குப் பயமா இருக்கு, பக்கத்துல படுத்துக்க' என்று கூப்பிட்டால் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவருவாள். சுலபமான வழி என்று நினைத்திருந்தேன். அவள் என்னடாவென்றால், அத்தனை நாளும் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னால் இத்தனை நாள் எல்லாம் புரிந்துகொண்டே நடித்தேன் என்று ஆகிவிடும். காணொளியை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, அவள் கைகளைப் பிடித்து, பாட்டுக்குத் தகுந்தபடி இல்லாத தண்ணீரில் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன் என்று நினைக்கிறேன். "போதும், தேஞ்சுடும்" என்றாள்.

அன்று சமையலறையில் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"அவர் நேத்து போன்ல என்ன பண்ணாரு தெரியுமா? தட்டை எதிர்ல வச்சுக்கிட்டு, நீ பேசாட்டியும் பரவாயில்ல, போனை அப்படியே வச்சுட்டு உன் வேலையைப் பாருங்கறாரு. நான் வீட்டுல நடமாடறதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு முடிச்சாரு." குழாயை மூடினாள். "இவ பேசிடுவாளாடி?"

"பேசிடுவாக்கா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அவளை உட்காரவைத்து எடுத்துச் சொல்வாள், கெஞ்சுவாள், கடைசியில் அழுவாள். தொப்பிக்காரியை நம்பிச் சொன்ன ஒரு விஷயம் வீடு முழுக்கத் தெரிந்துபோகும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்றேன். மறுநாள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, செருப்பு ஒன்றை விமானமாக்கினேன். துணி மாட்டும் கிளிப்புகள் அப்பா, அம்மா, மகள். கரண்டி ஒன்றுக்குத் துப்பட்டாவைக் கட்டினேன், அது சித்தி. அம்மாவையும் மகளையும் செருப்பில் ஏற்றிப் பறக்கவிட்டு அப்பாவிடம் சேர்த்தேன். எல்லோரும் சந்தோஷம். கரண்டியைத் தலையணைமேல் படுக்கவைத்து, தனியாக, நிம்மதியாகக் குறட்டை விடவைத்தேன். 'பயமில்லை, சித்திக்குப் பயமில்லை' என்று ஸ்பானிஷில் திரும்பத் திரும்பச் சொன்னேன். குண்டூசி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் தலையணையிலிருந்து எடுத்துச் செருப்புக்குள் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி உள்ளே வைத்தாள். செருப்பைவிடக் கரண்டி நீளம். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

அழைப்பு வரும் நாள் அக்கா அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மேசைமேல் மடிக்கணினியை வைத்து, அதன் கோணத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நான் பழக்கத்தில் தொப்பியை எடுத்தேன். "அதைக் கழட்டி அந்தப் பக்கம் போடு. பள்ளிக்கூடத்துக்காரங்க முன்னாடி கோமாளி மாதிரி" என்றாள். கழற்றினேன்.

ஆசிரியை சுருட்டை முடியோடு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு திரையில் வந்தார். அவருக்குப் பின்னால் சுவரெல்லாம் காகித மீன்கள். ஓலா என்றார். குண்டூசி அவரையே பார்த்தாள். பேர் என்ன என்று கேட்டார். பதில் இல்லை. ஆப்பிளைக் காட்டினார். பதில் இல்லை. மேசைக்கு அடியில் அக்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்து நெரித்தது. "சொல்லுடா கண்ணு, சொல்லு" என்றாள் மெதுவாக. இவள் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. இன்னும் ஒரு வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். அப்படி நினைத்ததற்காகக் கூசினேன். தட்டை எதிரில் வைத்துக்கொண்டிருக்கும் மாமா கண்முன் வந்தார்.

ஆசிரியை அவசரப்படவில்லை. வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

குண்டூசி திரும்பி என் தலையைப் பார்த்தாள். வெறும் தலை. அம்மாவைப் பார்த்தாள். தொப்பி இல்லாத சித்திக்கும் அம்மாவுக்கும் இந்த மொழி தெரியாது என்று முடிவு செய்துவிட்டாள் போல. நாற்காலியில் மண்டியிட்டு எழுந்து, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ரகசியம் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள். வாத்துப் பாட்டிலிருந்தும் கை கழுவும் பாட்டிலிருந்தும் என் செருப்பு விமான ஆட்டத்திலிருந்தும் பிய்த்தெடுத்த சொற்கள். அந்த 'ர' அவள் நாக்கில் கோலிக்குண்டு மாதிரி உருண்டது.

இரண்டு நாற்காலி வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று சித்திக்கு. சித்தி ராத்திரி பயப்படுவாள். சித்தி நல்லவள். கொஞ்சம்தான் சாப்பிடுவாள்.

"பேசிட்டாடி!" அக்கா என் தோளில் அடித்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எவ்வளவு பேசறா பாரு! என்ன சொன்னா? ஏய், என்னடி சொன்னா?"

குண்டூசி சட்டென்று திரும்பி, இமைக்காமல் என் முகத்தையே பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். ஆசிரியை எழுந்து போயிருந்தார். காகித மீன்கள் மட்டும் காற்றில் ஆடின. எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொரு குட்டி நாற்காலி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து, திரை வழியாக என்னை மேலும் கீழும் அளந்து பார்த்தார். பிறகு இரண்டாவதைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய், வேறொன்றை, பெரியதை, இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.