மூன்று நாள் ஒழுக்கம்

சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா சிகரெட்டை நிறுத்துவார். ரம் பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். தட்டில் பாதிச் சாப்பாட்டை ஒதுக்குவார். அன்று காலை சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். மேலதிகாரி முகாமைப் பார்வையிட வந்தால் எல்லாவற்றையும் பளபளப்பாக்கி வைப்பார்களாம். அப்பாவுக்கு டாக்டரைப் பார்க்கப் போவதும் அப்படித்தான். வீடு திரும்பியதும் பாட்டில் கீழே இறங்கும்.

"மூணு நாளைக்கு எனக்கு வேற புருஷன்" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. நான் உயிர்வேதியியல் படித்தவள். மூன்று நாள் பட்டினியில் இறங்குகிற சர்க்கரை அளவு வெறும் வேஷம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இந்த முறை ஒன்றும் சொல்லாமல் கூடவே போனேன். ஒரு வாரமாக அவர் அறையில் அழுகல் வாடை. வலது காலில் கட்டு. கேட்டால், "கொசு கடிச்சதும்மா."

டாக்டரும் ராணுவத்தில் மேஜராக இருந்தவர். அவர் முன்னால் அப்பா உட்காரவே மாட்டார்.

"எப்படி இருக்கீங்க, ஹவில்தார்?"

"நல்லா இருக்கேன், சார்!"

"சிகரெட்?"

"விட்டாச்சு, சார்!"

"கால்ல புண்ணு, மரமரப்பு ஏதாவது?"

"எதுவும் இல்ல, சார்!"

டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியாம்மா? ஒழுக்கம்னா என்னன்னு உங்கப்பாகிட்ட கத்துக்கணும்."

என் காது சுட்டது. இந்த வாடை இவர் மூக்கில் ஏறவே இல்லையா?

"பொய் சொல்றாரு சார்." அப்பாவின் வலது காலைக் காட்டினேன். "மூணு நாளா நடிக்கிறாரு. கால் அழுகுது."

அப்பா திரும்பவில்லை. "வெளிய போ."

"போக மாட்டேன்."

"பொண்ணு பயப்படுது, சார். சின்னக் கீறல்."

"பாக்கணுமா, ஹவில்தார்?"

"தேவையில்ல, சார்!"

அவ்வளவுதான். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிறவன் கோழை என்று அப்பாவை வருஷக்கணக்கில் பழக்கியவர்கள், இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு நலம் விசாரிக்கிறார்கள். மேஜையில் ஓங்கி அடித்தேன்.

"கேக்காதீங்க சார்! கேட்டா, சாகுற வரைக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு. உத்தரவு போடுங்க."

டாக்டர் என்னை வெறித்தார். பிறகு மெல்ல எழுந்தார். குரல் மாறியது.

"ஹவில்தார்! வலது ஷூ, சாக்ஸ். கழட்டு."

அப்பா உடனே குனிந்தார். சாக்ஸும் உள்ளே இருந்த கட்டும் தோலோடு ஒட்டியிருந்தன. முகம் சுளிக்காமல் ஒரே இழுப்பு. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பாதத்தின் நடுவரை சிவப்பு ஏறியிருந்தது.

நிமிர்ந்தார். ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமையுமாக, குதிகால்களைச் சேர்த்து, சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். விரலிடுக்கில் கசிந்தது வெள்ளைத் தரையில் மெல்லப் பரவியது. அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.